மங்களேஸ்வரியின் சுண்டுவிரல்

தீக்காயப் பிரிவின் தலைமை மருத்துவர் மெஹருன்னிசாவிடம் கைகளைச் சீராக்கும் அறுவைக் கலையைக் கற்க வந்தவர்களில், அவரைவிட வயதில் மூத்தவர் தணிகாசலம் ஒருவர்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு சிறு நகரத்து மருத்துவமனையில் குடல்வாலும் குடலிறக்கமும் அறுத்துத் தேர்ந்தவர். ஐம்பத்திரண்டாவது வயதில் தம் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு வந்து நின்றார்.

"உங்களுக்கு என் தங்கச்சி வயசு மேடம்," என்றார் முதல் நாள்.

"தங்கச்சி சொன்னா கேட்பீங்களா சார்?"

"இதுவரைக்கும் கேட்டதில்ல."

"சரி, புதுசா ஆரம்பிப்போம்."

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளில் எல்லாம் தமிழில்தான் எழுதப்படும். யாருடைய உடம்போ, அவர் படிக்க வேண்டும் என்பது மெஹருன்னிசாவின் சட்டம். தாளின் அடியில் 'கை குணமாயிற்று' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கோடு விட்டிருக்கும். அந்தக் கோட்டின் மேல் கையெழுத்து விழுந்தால் சிகிச்சை முடிந்தது என்று பொருள். சில தாள்களில் அந்தக் கோடு ஓராண்டாக வெறுமையாகவே கிடந்தது.

"இதுல எப்ப மேடம் கையெழுத்துப் போடலாம்?" என்று கேட்டார் தணிகாசலம்.

"அது தெரியுறப்போ நீங்க என்கிட்ட கேட்க மாட்டீங்க."

அவருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. குடல்வாலை எடுத்தால் எடுத்ததுதான். அதில் இப்படிப்பட்ட மூடுமந்திரம் எதுவும் கிடையாது.

அவரிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் நோயாளி மங்களேஸ்வரி. இருபத்தொன்பது வயது. ஓர் இனிப்புக் கடையின் சமையற்கட்டில் வேலை. கொதிக்கும் சீனிப்பாகுச் சட்டி அடுப்பிலிருந்து சரிந்தபோது, கீழே உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தவள்மேல் அது கொட்டாதபடி இரு கைகளையும் குறுக்கே கொடுத்துவிட்டாள். பாகு புறங்கைகளில் ஒட்டிக்கொண்டது. கழுவக் கழுவப் போகவில்லை, தோலோடுதான் வந்தது.

அவள் பிறவியிலேயே காது கேளாதவள். கணவன் பூவலிங்கமும் அப்படியே. அவன் தையற்காரன். இருவரும் ஒரே பள்ளியில் படித்து, ஒருவருக்கொருவர் கைகளால் பேசிப் பேசியே மணம் முடித்தவர்கள்.

ஆறாம் நாள் தணிகாசலம் அறுவை சிகிச்சை செய்தார். வெந்து இறந்த தோலை மெல்லிய ஏடுகளாகச் சீவி, இரத்தம் புள்ளி புள்ளியாகத் துளிர்க்கும் இடம்வரை இறங்கினார். தொடையிலிருந்து எடுத்த தோலைக் கிழியாமல் முழுசாகப் போர்த்தினார். இரண்டு கைகளையும் ஒரே நாளில், நான்கு மணி நேரத்தில் முடித்தார். விரல்கள் கோணிவிடாதபடி கைக்கொரு சிம்புத் தகடு வைத்து, பஞ்சும் துணியுமாகக் கட்டினார். கட்டி முடித்தபோது இரு கைகளும் இரண்டு வெள்ளைத் தலையணைகள்போல் இருந்தன.

ஐந்து நாள் கழித்து மெஹருன்னிசா கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஒட்டிய தோல் இளஞ்சிவப்பாக, ஓரம்கூடத் தூக்காமல் படிந்திருந்தது.

"நல்லாப் பிடிச்சிருக்கு," என்றார்.

அந்தப் பிரிவில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. தணிகாசலம் அன்று மதியம் இரண்டு தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

மங்களேஸ்வரி மட்டும் எந்நேரமும் கண்ணை மூடியே படுத்திருந்தாள். மாலை நான்கு மணிக்குப் பூவலிங்கம் வந்து எதிரே நின்று கைகளால் பேசுவான். ஐந்து நிமிடம் பார்ப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொள்வாள். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போவான். தணிகாசலம் அடிமேல் அடிவைத்து வந்து, எட்டிப் பார்த்து, தாளில் எழுதுவார்: 'நன்றாக உறங்குகிறார்.'

பத்து நாளும் அதே வரி.

மெஹருன்னிசா தாளைப் படித்தார். தணிகாசலத்தைத் தம் அறைக்கு அழைத்தார். ஒரு கற்றைத் துணியைச் சுருட்டி நீட்டினார்.

"இதை வாயில வச்சுக் கடிச்சுக்கோங்க சார்."

"எதுக்கு?"

"தங்கச்சி சொல்றேன்."

அவர் கடித்துக்கொண்டார்.

"கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கோங்க. தலையாட்டக் கூடாது." மெஹருன்னிசா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப கேளுங்க. உங்க தையல் சுமார்தான். ரெண்டு கையையும் ஒரே நாள்ல செஞ்சது அவளுக்காக இல்ல, உங்க பெருமைக்காக. உங்க ஊர்ல நீங்க இல்லாம ஆஸ்பத்திரி இன்னும் நல்லா நடக்குதாம். நேத்து ரெஜினா சிஸ்டர்கூடச் சொன்னாங்க, பெரிய டாக்டர் கத்தியைப் பிடிக்கிறது வாழைக்காய் சீவுற மாதிரி இருக்குன்னு."

தணிகாசலத்தின் முகம் கறுத்தது. மெஹருன்னிசா நிறுத்தவில்லை. தணிகாசலத்தின் மகளின் படிப்பைப் பற்றிச் சொன்னார். அவர் வழுக்கையைப் பற்றிச் சொன்னார். பாதி பொய், பாதி உண்மை. எதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. காதுகளை மூடவும் கை இல்லை. ஏழெட்டு நிமிடங்களுக்குப் பிறகு அவர் தம்மையறியாமல் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

பேச்சு நின்றது. நாற்காலி நகரும் சத்தம். கதவு சாத்தும் சத்தம்.

கண்ணைத் திறந்தபோது மடியில் ஒரு துண்டுத் தாள் கிடந்தது. மெஹருன்னிசாவின் கையெழுத்து.

'நன்றாக உறங்குகிறார்.'

அவர் வாயிலிருந்த துணியை எடுத்தார். பிறகு எழுந்து, நேரே மங்களேஸ்வரியின் கட்டிலுக்குப் போய், அவளது இடது கைக் கட்டைப் பிரித்தார். மெல்லிய துணியை மட்டும் சுற்றி, விரல்களை விட்டுவிட்டார். பகலில் அந்தக் கைக்குச் சிம்பு வேண்டாம் என்று எழுதினார்.

நான்கு மணிக்குப் பூவலிங்கம் வந்தான். மங்களேஸ்வரி கண்ணைத் திறந்தாள். இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுங்கிக்கொண்டே ஏதோ சொல்லின. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன சொல்றாங்க?" என்று தணிகாசலம் ஒரு தாளில் எழுதிக் கேட்டார்.

அவன் எழுதினான்: 'மாடியில் உள்ள கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாயா என்கிறாள்.'

'ஊற்றினீர்களா?'

'இல்லை. அதனால்தான் குனிந்தேன்.'

மூன்று மாதங்கள் போயின. கைகளை இறுக்கமான உறைகள் பிடித்திருந்தன. தழும்புகள் தணிந்தன. ஒன்பது விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. பத்தாவது விரல்தான் ஏமாற்றியது. வலது கைச் சுண்டுவிரலின் நடு மூட்டுக்கு மேலே ஓடும் மெல்லிய தசைநாண் பாகில் வெந்துபோயிருந்தது. விரலை நிமிர்த்துவது அதுதான். விரல் கொக்கிபோல் வளைந்து நின்றது.

தணிகாசலம் காலைதோறும் ஒரு பிளாஸ்டிக் கோணமானியோடு வருவார். உள்ளங்கையைக் காட்டி "அசையாதே" என்பார். சுண்டுவிரலின்மேல் கோணமானியை வைப்பார். வளைவு அறுபது டிகிரி. மறுநாளும் அறுபது.

"மூட்டை ஐம்பது டிகிரி வளைவிலேயே எலும்போட எலும்பாச் சேர்த்துடலாம் மேடம். பிடிமானம் அருமையா இருக்கும். கரண்டி, துடைப்பம், குடம், எல்லாம் பிடிக்கலாம். படிச்ச எல்லாப் புத்தகமும் அதைத்தான் சொல்லுது."

"அவகிட்டச் சொன்னீங்களா?"

அவர் படம் வரைந்தே சொல்லியிருந்தார். கரண்டி பிடித்த கை, குடம் பிடித்த கை, துடைப்பம் பிடித்த கை. மங்களேஸ்வரி மூன்று படங்களுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். நான்காவதாக அவர் ஒரு வாளி வரைந்தபோது தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கைகளால் மளமளவென்று ஏதோ சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"பிடிவாதம்," என்றார் மெஹருன்னிசாவிடம்.

"மணி என்ன?"

"பதினொண்ணு."

"நாலு மணி வரைக்கும் பொறுங்க."

நான்கு மணிக்குப் பூவலிங்கம் வந்தான். மங்களேஸ்வரி சொன்னதைப் பார்த்ததும் அவனுக்கு வெட்கமாகிவிட்டது. தாளை வாங்கியவன் எழுதாமல் பேனாவைத் திருகிக்கொண்டே நின்றான். அவள் அவன் தோளில் ஒரு குத்துவிட்டாள். எழுதினான்.

'எங்களில் ஒவ்வொருவருக்கும் கையால் காட்டும் பெயர் ஒன்று உண்டு. நாமே வைத்துக்கொள்ள முடியாது. மற்றவர்தான் வைக்க வேண்டும். எனக்கு ஐந்தாம் வகுப்பில் இவள் வைத்தாள்.'

அவன் தன் தாடையைக் காட்டினான். காதிலிருந்து மோவாய்வரை பழைய வெட்டுத் தழும்பு ஒன்று கோடாக ஓடியது. தன் சுண்டுவிரலைக் குச்சிபோல் நீட்டி, அந்தக் கோட்டின்மேல் ஒரே இழுப்பாக இழுத்தான்.

'இதுதான் நான். விரல் வளைந்திருந்தால் நான் இல்லை.'

தணிகாசலம் அதை இரண்டு முறை படித்தார்.

'நீங்கள் எதிரில் இருக்கும்போது பெயர் எதற்கு?' என்று எழுதினார்.

'எதிரில் இருக்கும்போது தேவையில்லை. நான் இல்லாதபோது தோழிகளிடம் என்னைக் குறைசொல்ல வேண்டும். தினமும் மூன்று மணி நேரம் சொல்வாள். இப்போது யாரைச் சொல்கிறாள் என்று அவர்களுக்கே தெரியவில்லையாம். போன வாரம் என்னைத் திட்டியதைக் கடை முதலாளியைத் திட்டியதாக நினைத்துக்கொண்டார்கள்.'

தோளுக்குப் பின்னாலிருந்து படித்த மெஹருன்னிசா வாய்விட்டுச் சிரித்தார். தணிகாசலம் சிரிக்கவில்லை. எலும்பைச் சேர்த்துவிட்டால் மறுபடி பிரிக்க முடியாது. மறுநாள் காலைக்கு ஆபரேஷன் தியேட்டர்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

"வேற வழி?" என்றார் மெஹருன்னிசா.

"பக்கத்துல ஓடுற ரெண்டு நாண்களையும் நடுவுக்கு இழுத்துத் தைக்கலாம். ஆறு வாரம் கம்பி போட்டு நேரா வைக்கணும். அப்புறமும் தூக்குமான்னு பாதிக்குப் பாதிதான். தோத்தா இப்ப இருக்கறதைவிட மோசமாகும்."

பூவலிங்கம் அதை அவளுக்குச் சொன்னான். அவன் சொல்லி முடிக்குமுன்பே அவள் தன் நெஞ்சில் இரண்டு முறை தட்டிக்கொண்டாள்.

"அவ தயார்," என்றார் மெஹருன்னிசா. "நீங்கதான் செய்யறீங்க."

"நான் இதைச் செஞ்சதில்ல மேடம்!"

"அவளும்தான்."

அறுவை மேசையில் தணிகாசலம் நாணைத் தேடி எடுத்தார். நனைந்த பட்டுநூல்போல் இருந்தது. மெஹருன்னிசா எதிரே நின்று, தோலை விலக்கிக் கொக்கி பிடித்தார். இரண்டு இழைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்தபின் தணிகாசலத்தின் ஊசி நின்றது.

"எவ்வளவு இறுக்கணும் மேடம்?"

"அவ புருஷன் பேரைச் சொல்ற அளவுக்கு."

அவர் தம் சுண்டுவிரலை நிமிர்த்தி ஒரு கணம் பார்த்துக்கொண்டார். பிறகு முடிச்சிட்டார்.

ஆறு வாரங்கள் கழித்துக் கம்பியை எடுத்தார். "தூக்கு" என்று சைகை காட்டினார். மங்களேஸ்வரி பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. விரல் எழவில்லை. தொங்கியது. நாற்பது டிகிரி.

அவர் மெஹருன்னிசாவின் அறைக்குப் போய் நின்றார்.

"தோத்துட்டேன் மேடம்."

"யார்கிட்ட?"

அவர் கோணமானியை மேசைமேல் வைத்தார்.

"நாண் அறுந்திருக்கா?"

"இல்ல. தொட்டா இழுவை தெரியுது. ஒட்டிக்கிட்டிருக்கு."

"அப்ப போய்த் தூக்கிவிடுங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அவ உங்களைத் திட்டற வரைக்கும்."

அன்றிலிருந்து தணிகாசலத்தின் காலை அந்த விரலோடுதான் விடிந்தது. அதற்குள் வீடு திரும்பியிருந்த அவள் தினமும் வந்துபோனாள். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அவளது சுண்டுவிரல் நுனியைப் பிடித்து மெல்லத் தூக்குவார், விடுவார், நீயே பிடித்து நிறுத்து என்று கண்ணால் சொல்வார். விரல் விழும். மறுபடி தூக்குவார். முதல் வாரம் அவள் கண்ணீர் வடித்தாள். இரண்டாம் வாரம் முறைத்தாள். மூன்றாம் வாரம் இடது கையால் அவரைப் பார்த்துப் பொரிந்து தள்ளினாள்.

"என்ன சொல்றான்னு தெரியல," என்றார் அவர், ரெஜினா சிஸ்டரிடம்.

"எனக்கே தெரியுது டாக்டர்," என்றார் சிஸ்டர். "சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

முப்பத்தைந்து. முப்பது. முப்பதிலேயே பதினொரு நாள். இருபத்திரண்டு. தணிகாசலம் கோணமானியைத் துடைத்துத் துடைத்து அதன் எண்கள் மங்கிவிட்டன. பிறகு மெஹருன்னிசா, வீட்டிலேயே பயிற்சி செய்யட்டும், ஆறு வாரம் கழித்து வரட்டும் என்று அனுப்பிவிட்டார். அந்த ஆறு வாரமும் தணிகாசலம் வேறு கைகளைத் தைத்தார். ஆனாலும் காலை எட்டு மணியானால் அவர் பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே ஒன்றுசேர்ந்து எதையோ பிடித்துத் தூக்கின.

குறித்த நாளில் மங்களேஸ்வரி தனியாக வரவில்லை. காது கேளாதோர் சங்கத்துத் தோழிகள் எட்டுப் பேர் கூட வந்தார்கள். பூவலிங்கம் கடைசியில், ஒரு டப்பாவில் இனிப்போடு. புறநோயாளிகள் அமரும் நீண்ட பெஞ்சுகள் இரண்டையும் அவர்கள் எதிரெதிரே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கூடத்தில் சத்தமே இல்லை. ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். காற்றெல்லாம் கைகள்.

மங்களேஸ்வரி எழுந்து நின்றாள். எல்லாக் கைகளும் அடங்கின.

அவள் கதை சொல்லத் தொடங்கினாள். தணிகாசலம் கதவோரம் நின்று பார்த்தார். சட்டி சரிந்தது அவருக்கே புரிந்தது. பாகு ஒட்டியது புரிந்தது. இரு கைகளும் தலையணையானது புரிந்தது. பிறகு அவள் வலது கையை உயர்த்தினாள். தழும்புகள் பளபளத்த அந்தக் கையின் நான்கு விரல்கள் மடங்கின. சுண்டுவிரல் எழுந்தது. யாரும் தூக்கிவிடவில்லை. காதோரத்திலிருந்து மோவாய்வரை, ஒரே இழுப்பு.

எட்டுப் பெண்களும் ஒரேயடியாகத் திரும்பிப் பூவலிங்கத்தைப் பார்த்தார்கள். அடுத்து அவள் சொன்னது என்னவோ, அவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தொண்டையிலிருந்து வந்த அந்தச் சிரிப்பு கூடத்தின் கூரைவரை மோதியது. பூவலிங்கம் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல் இடுக்கு வழியாக அவன் கண்ணீர் ஒழுகியது.

"கறிவேப்பிலைச் செடி காஞ்சு போச்சாம்," என்றார் ரெஜினா சிஸ்டர், தாமாக ஊகித்து.

கதை தொடர்ந்தது. அதில் ஒரு சைகை திரும்பத் திரும்ப வந்தது. இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் வலது கைச் சுண்டுவிரலின் நுனியைப் பிடித்து, சுருக்கென்று மேலே தூக்கின. அது வரும்போதெல்லாம் பெண்கள் கதவோரம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

தணிகாசலம் பூவலிங்கத்திடம் தாளை நீட்டினார். 'அது என்ன?'

அவன் எழுதினான்: 'நீங்கள்தான். உங்கள் பெயர். முதலில் வேறொன்று வைத்திருந்தாள். தூங்குகிறாள் என்று எழுதுகிறவர். அது நீளமாக இருந்ததால் மாற்றிவிட்டாள்.'

தணிகாசலம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பின்னால் மெஹருன்னிசா வந்து நிற்பது தெரிந்தது. அவர் கையில் மங்களேஸ்வரியின் தாள் இருந்தது. அடியில் உள்ள கோடு வெறுமையாகவே இருந்தது.

தணிகாசலம் ஒன்றும் கேட்கவில்லை. தாளை வாங்கி, பெஞ்சில் வைத்து, கையெழுத்திட்டார்.

"விரல் எத்தனை டிகிரி சார்?" என்றார் மெஹருன்னிசா.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அவர் அளக்கவே இல்லை. அவசரமாகக் கோணமானியை எடுத்துக்கொண்டு மங்களேஸ்வரியிடம் போனார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவரைச் சுட்டினாள். செய்து காட்டு என்றாள். உன் பெயரை நீ சொல்.

எட்டுப் பெண்களும் அவர் கைகளையே பார்த்தார்கள். அவர் மற்ற நான்கு விரல்களை மடக்கி, வலது சுண்டுவிரலை நீட்டினார். மோதிர விரலும் கூடவே எழுந்தது. மடக்கினார். மறுபடி எழுந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கத்தி பிடித்த கை அது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மங்களேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். நெருங்கி வந்தாள். தழும்பேறிய தன் விரல்களால் அவர் மோதிர விரலைப் பிடித்து உள்ளங்கைக்குள் அமுக்கினாள். சுண்டுவிரலின் நுனியைப் பற்றி நேராக்கினாள். பிறகு கோணமானியை அதன்மேல் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"மேடம்," என்றார் தணிகாசலம், "இவங்க..."

"அசையாதீங்க சார்," என்றார் மெஹருன்னிசா. "அவ அளந்துக்கிட்டிருக்கா."